எழுத்துப் போட்டிகளுக்குக் கதை அனுப்புவது, சொந்தச் செலவில் நூல் வெளியிடுபவருக்குப் பயன் தருமா?

கேள்வி: சின்னப்பாலத்துப் பெண், பாம்பன்

அனைவருக்கும் வணக்கம். என் தாயாரும் பெரியம்மாவும் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர்கள். நான் கணினி மையம் ஒன்றில் தட்டச்சு வேலை செய்துகொண்டே ஏழு ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதி வருகிறேன். சென்ற ஆண்டு பதினொரு கதைகளைத் தொகுத்து என் செலவில் 300 படிகள் அச்சிட்டேன். 112 விற்றிருக்கின்றன. மீதி 188 படிகளைச் சாரல் படாத இடமாகப் பார்த்துப் பரணில் பாலித்தீன் தாளுக்குள் கட்டி வைத்திருக்கிறேன். ஆனால் உப்புக்காற்று எந்தக் கட்டையும் விடுவதில்லை, அடியில் இருந்தவற்றின் ஓரங்கள் இப்போதே பழுத்துவிட்டன.

போட்டியில் ஒரு பரிசு வாங்கினால்தான் நூல் நகரும் என்று பலர் சொல்வதால், தற்போது அறிவிக்கப்பட்டிருக்கும் இரண்டு போட்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவதற்கு நுழைவுக் கட்டணம் 500 ரூபாய். தேர்வாகும் ஐம்பது கதைகள் ஒரே தொகுப்பாக வரும் என்றும், தேர்வானவர்கள் ஆளுக்குப் பத்துப் படிகளைச் சலுகை விலையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது. இரண்டாவதற்குக் கட்டணம் இல்லை, பரிசுத் தொகையும் பெரியது. ஆனால் முடிவு வர எட்டு மாதங்கள் ஆகும், அதுவரை கதையை வேறெங்கும் அனுப்பக்கூடாது, போட்டிக்கு வந்த படைப்புகளின் உரிமை அமைப்பாளர்களையே சேரும் என்று எழுதியிருக்கிறார்கள். என்னிடம் முழுமையாக இருப்பது, பாசிக்குப் போகும் மூன்று சகோதரிகளைப் பற்றி 9,000 சொற்களில் எழுதிய நெடுங்கதை ஒன்றுதான். இரண்டு போட்டிகளிலும் வரம்பு 2,000 சொற்கள். வெட்டிச் சுருக்கி அனுப்பலாமா?

தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டிக்கு அனுப்பிய கதை, குறிப்புகளோடு திரும்பி வந்தது. அதில் 'மரிக்கொழுந்து' என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் "மரிக்கொழுந்து கடலில் ஏது? கவனக்குறைவு" என்று எழுதியிருந்தது. பூக்கடை மரிக்கொழுந்து ஒன்று, எங்கள் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசி ஒன்று என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

பதில் 1: வடகரைக் கணக்கர், தொண்டி

சகோதரிக்கு வணக்கம். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் போட்டிகளுக்கும் ஒரு பேரேடு வைத்திருக்கிறேன். 2018 முதல் 26 போட்டிகளுக்கு அனுப்பியிருக்கிறேன். நுழைவுக் கட்டணமாக 2,150 ரூபாயும், அஞ்சல், நகல், அச்சுத் தாள் வகையில் 1,900 ரூபாயும் செலவு. வரவு என்று பார்த்தால் ஒரு மூன்றாம் பரிசு 3,000 ரூபாய், இரண்டு ஆறுதல் பரிசுகள் 500 வீதம் 1,000 ரூபாய். ஆகமொத்தம் ஐம்பது ரூபாய் நட்டம். எட்டணா நூலுக்கு ஆறு ரூபாய் அட்டை போட்ட கதை போல, அந்த மூன்றாம் பரிசை அறிவிக்கும் வண்ண ஒட்டுச்சீட்டை என் நூலின் அட்டையில் ஒட்டுவதற்கு நான் தனியாக 600 ரூபாய் செலவழித்ததை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்து நூல் வாங்கியதாக இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

பேரேட்டில் ஏறாத வரவும் ஒன்று உண்டு. அந்த 26 கதைகளில் பத்தொன்பது, கெடுத் தேதி ஒன்று இல்லாதிருந்தால் எழுதி முடிக்கப்பட்டிருக்கவே மாட்டா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது என் அலுவலகத்திலும் வேலை குறைந்துவிடும். அந்த நாட்களில் வரும் கெடுக்களை நான் விடுவதில்லை.

பேரேட்டில் ஏறாத செலவும் ஒன்று உண்டு, அதுதான் உங்களுக்கு முக்கியம். ஒரு போட்டிக்குப் போன என் கதை பதினான்கு மாதங்கள் அங்கேயே அடைபட்டுக் கிடந்தது. முடிவையும் அறிவிக்கவில்லை, கைவிட்டதாகவும் சொல்லவில்லை. இடையில் ஓர் இதழ் கடல் சார்ந்த சிறப்பிதழுக்குக் கதை கேட்டபோது, விதியை மதித்து அதைத் தராமல் இருந்துவிட்டேன். 500 ரூபாயைப் பற்றி யோசிக்கிறீர்கள். எட்டு மாதத்தைப் பற்றி அதைவிட அதிகமாக யோசியுங்கள். என்னைக் கேட்டால் ஒரு போட்டியின் உண்மையான கட்டணம் அதுதான்.

பதில் 2: முகவை வாசகன், இராமநாதபுரம்

அன்புள்ள மகளுக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் எழுதுவது. மூன்று போட்டிகளில் முதற்சுற்று வாசகனாகவும் ஒன்றில் இறுதிச் சுற்று நடுவராகவும் இருந்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதை எழுதுபவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

முதற்சுற்றில் எனக்கு 120 கதைகள் வந்தன. மூன்று வாரங்களில் பத்தைப் பொறுக்கித் தர வேண்டும். பெயர்கள் மறைக்கப்பட்டு ஒவ்வொன்றின் பின்புறமும் ஓர் எண் மட்டும் இருந்தது. அந்த நேர்மையில் குறையொன்றும் இல்லை. ஆனால் பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு மேல் நாளொன்றுக்கு ஆறு கதை என்று படிக்கிறவன், ஆறாவது கதையை முதல் கதையைப் படித்தது போலப் படிப்பான் என்று எதிர்பார்க்க முடியாது. முதியோர் இல்லத்தில் தொடங்கும் கதைகள் மட்டுமே அந்தக் கட்டில் பதினேழு இருந்தன. பதினெட்டாவதாக வரும் முதியோர் இல்லம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், அதற்குள் நுழையவே மனம் வராது. இந்த ஒரு வகையில் உங்கள் பாசிக்கதை தப்பித்துவிடும்.

இறுதிச் சுற்றில் நடந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவரின் கதை. இடுப்பில் கட்டிய அரிவாள்பெட்டியின் எடையிலிருந்து தொடங்கி, மரத்தின் மேலிருந்தே அவர் தம் மகளின் திருமணப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதாக முழுக் கதையும் போகும், கீழே இறங்குவதற்குள் கதை முடிந்துவிடும். நான் 92 மதிப்பெண் போட்டேன். உடன் இருந்த நடுவர், கதை எங்கும் நகரவில்லை என்று 38 போட்டார். சராசரி 65. முதல் பரிசு பெற்ற கதைக்கு நான் போட்டது 71, அவர் போட்டது 70. அந்தக் கதையின் பெயர் எங்கள் இருவருக்குமே இப்போது நினைவில்லை என்பதை அண்மையில் பேசிச் சிரித்தோம். சராசரி போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையில், எல்லோருக்கும் ஓரளவு பிடித்த கதை, ஒருவருக்கு மிகவும் பிடித்த கதையைத் தாண்டிவிடுகிறது. இது யாருடைய அயோக்கியத்தனமும் இல்லை, கணக்கு அப்படி வேலை செய்கிறது. பனையேறிக் கதையை எழுதியவர் யார் என்று தேடினேன். பரிசு பெறாத படிகளை அழித்துவிடுவது விதி என்பதால், எண்ணைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. அவரும் தம் கதை தேறவில்லை என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பார்.

தன்னைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை வாங்க மறுத்து, நான் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்று புலவர் பெருஞ்சித்திரனார் திரும்பிய புறநானூற்றுப் பாட்டை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். அந்தப் பாட்டின் பொருள், நடுவராக உட்கார்ந்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அவருக்குத் தம் தகுதியை அளந்து பார்த்துக் கொடுத்தால் தினையளவு கொடுத்தாலும் போதுமாக இருந்தது. உங்கள் மரிக்கொழுந்தை வட்டமிட்டவர் முதல் பரிசே தந்திருந்தாலும், உங்கள் கதையைப் படித்தவர் ஆகமாட்டார்.

ஆகவே போட்டிகளையே விட்டுவிடுங்கள் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். எல்லாப் போட்டிகளையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்கிறேன். கல்கி இதழ் நடத்திவந்த அமரர் கல்கி நினைவுச் சிறுகதைப் போட்டி, தினமலர் வாரமலரின் டி.வி.ஆர். நினைவுச் சிறுகதைப் போட்டி போன்றவற்றில் பரிசுக் கதை இதழில் வெளிவருவதால் அது வாசகர் கைக்குப் போய்ச் சேருகிறது. பரிசுத் தொகையைவிட அதுவே பெரிய ஆதாயம். சென்னையில் 1970 முதல் இயங்கிவரும் இலக்கியச் சிந்தனை அமைப்புக்கு நீங்கள் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. இதழ்களில் வெளியான கதைகளிலிருந்து மாதம் ஒரு கதையை அவர்களே தேர்ந்தெடுத்து, ஆண்டின் சிறந்த கதையையும் அவற்றிலிருந்து தெரிவு செய்வது அவர்கள் வழக்கம். எனவே இதழில் வெளிவருவதே அதற்கான நுழைவு. உங்கள் வயது 35-க்குள் இருந்தால் சாகித்திய அகாதெமி 2011 முதல் வழங்கும் யுவ புரஸ்கார் விருதையும் மனத்தில் வைத்திருங்கள். அதன் தொகை 50,000 ரூபாய், அது முழு நூலுக்குத் தரப்படுவது. தமிழ் வளர்ச்சித் துறையும் ஆண்டுதோறும் சிறந்த நூல்களுக்கு வகைவாரியாக விண்ணப்பம் கேட்டுப் பரிசளிக்கிறது. முன்பே அச்சான நூலுக்குக் கிடைக்கும் பரிசில் கதை அடைபட்டுக் கிடக்கும் தொல்லை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நெடுங்கதையை வெட்ட வேண்டாம். மூன்று சகோதரிகளில் ஒருத்தியை எடுத்து வேறொரு நாளைப் புதிதாக எழுதுங்கள். மரிக்கொழுந்துக்கு அடிக்குறிப்பும் போடாதீர்கள். அது பாறையில் ஒட்டியிருப்பதையும் கையை அறுப்பதையும் முதல் பத்தியிலேயே காட்டிவிட்டால், மதுரைக்காரருக்கும் புரியும்.

பதில் 3: எழுத்தர், தேவிபட்டினம்

வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பதால், உரிமை பற்றிய விதியை மட்டும் பேசுகிறேன். இரண்டாவது போட்டியில் எனக்கு உறுத்துவது அந்த ஒரு வரிதான். வந்த படைப்புகள் அனைத்தின் உரிமையும் என்றால், பரிசு பெறாதவற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். எழுத்து மூலம், எழுதியவரோ அவருடைய அதிகாரம் பெற்ற முகவரோ கையெழுத்திட்டுத் தராத உரிமை மாற்றம் செல்லாது. எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரையில், அது காலாவதியாகிவிடும். உரிமையைக் கொடுத்துவிட்ட பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்வதற்கு 57-ஆம் பிரிவு தனியாக இடம் தருகிறது. ஆகவே அறிவிப்பில் ஒரு வரி எழுதிவைத்த மாத்திரத்தில் உங்கள் கதை அவர்களுடையதாகிவிடாது. ஆனால் நுழைவுப் படிவத்தில் அதே வரியின் கீழ் நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பேச்சே வேறு. படிவத்தை வரி விடாமல் படியுங்கள், "ஒருமுறை வெளியிடும் உரிமை மட்டும்" என்று மாற்றித் தர முடியுமா என மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். நேர்மையான அமைப்பாளர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை, அந்த வரியை எங்கிருந்தோ பார்த்து எழுதியிருப்பார்கள்.

மின்நூல் போட்டிகளிலும் இப்படி ஒரு கட்டு உண்டு. அமேசான் சில ஆண்டுகள் தமிழுக்கும் நடத்திய பென் டு பப்ளிஷ் போட்டியில் கலந்துகொள்ள, நூலை அமேசானின் மின்நூல் தளமான கேடிபியின் செலக்ட் திட்டத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அத்திட்டத்தில் இருக்கும் 90 நாட்களும் அந்த நூலின் மின்வடிவத்தை வேறு தளம் எதிலும் தரக்கூடாது. அச்சு நூலுக்கு அந்தத் தடை இல்லை. இது வெளிப்படையான, காலவரையறை உள்ள நிபந்தனை என்பதால் இதில் எனக்குக் குறையில்லை. எத்தனை நாள் என்று தெரிந்து கட்டுப்படுவது வேறு, தெரியாமல் கட்டுப்படுவது வேறு.

பதில் 4: சலாபத்துறை, கீழக்கரை (இப்போது துபாயில்)

நான் மாற்றுக் கருத்து உடையவன். எங்கள் ஊரின் முன்னோர்கள் முத்து வணிகம் செய்தவர்கள். சலாபக் காலத்தில், அதாவது முத்துக்குளிப்புக் காலத்தில், சிப்பியைத் திறக்காமலே, ஆயிரக் கணக்கில் குவித்து ஏலம் விடுவார்கள். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்தால்தான் முத்து இருக்கிறதா வெறும் ஓடா என்று தெரியும். ஏலம் எடுத்தவர்களில் சிலர் பணக்காரர் ஆனார்கள், பலர் கடனாளி ஆனார்கள். ஏலத்தை நடத்தியவருக்கு மட்டும் எந்த ஆண்டிலும் நட்டம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் முதல் போட்டி அத்தகைய ஏலம்தான். ஐம்பது பேர் ஆளுக்குப் பத்துப் படி என்றால் 500 படிகள் அச்சாகும் முன்பே விற்றுவிடுகின்றன, நுழைவுக் கட்டணம் தனி. அந்த நூலை வாங்குவோர் எல்லோரும் அதை எழுதியவர்களே. பரணில் ஏற்கெனவே 188 படிகள் இருக்கும்போது இன்னும் பத்தை ஏற்றப் போகிறீர்களா, தங்கையே?

இலவசப் போட்டிக்கும் நான் அனுப்பச் சொல்ல மாட்டேன். சீதக்காதி பிறந்த ஊர்க்காரன் இப்படிச் சொல்கிறானே என்று ஆசிரியர் ஐயா கோபிக்க வேண்டாம். அந்த வள்ளல் புலவரைப் போட்டி வைத்துத் தேடவில்லை. 112 பேர் உங்கள் நூலைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருடைய தொலைபேசி எண் உங்களிடம் இருக்கிறது? என் முதல் நூலை நான் 40 பேருக்கு விற்றேன். அவர்களுக்கு ஆளுக்கொரு செய்தி அனுப்பி, படித்தீர்களா என்று மட்டும் கேட்டேன். அதில் ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். இரண்டாம் நூலின் முதல் 70 படிகள் அந்த ஒன்பது பேர் வழியாகவே போயின.

பதில் 1-இன் தொடர்ச்சி: வடகரைக் கணக்கர், தொண்டி

சலாபத்துறை காக்கா (அண்ணன்) சொல்வதில் முதல் போட்டியைப் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். இரண்டாம் பகுதியை ஏற்க முடியவில்லை. துபாயில் இருப்பவருக்குத் தம் ஊர்க்காரர்கள் நாற்பது பேர் முதல் நாளே கிடைத்துவிடுகிறார்கள். சின்னப்பாலத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் கதை சென்னையில் இருக்கும் ஓர் இதழாசிரியரின் மேசைக்கு, எவருடைய பரிந்துரையும் இல்லாமல், பெயரே இல்லாமல், வெறும் எண்ணோடு போய்ச் சேருவதற்கு இன்றைக்கும் போட்டியைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. அறிமுகம் உள்ளவர்களுக்குப் போட்டி தேவையில்லை என்பது உண்மைதான். எல்லோருக்கும் தேவையில்லை என்று அதை நீட்டக்கூடாது.

பதில் 4-இன் தொடர்ச்சி: சலாபத்துறை, கீழக்கரை

ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ஆனாலும் பதில் எழுதிய அந்த ஒன்பது பேரை நான் எந்தப் பரிசுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சின்னப்பாலத்துப் பெண், பாம்பன்

ஐயாவுக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. நான்கு நாட்களாக ஒவ்வொரு பதிலையும் இரண்டு முறை படித்தேன். செய்ததைச் சொல்கிறேன்.

முதல் போட்டியை விட்டுவிட்டேன். அந்த 500 ரூபாயை, இராமநாதபுரத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கு நாற்பது படிகளைக் கொண்டுபோகும் செலவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். உள்ளூர் எழுத்தாளர்களுக்கு மேசையில் இடம் கிடைக்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரண்டாவது போட்டியின் அமைப்பாளர்களுக்கு எழுத்தர் அண்ணன் சொன்னபடியே மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. பரிசு பெறும் கதைகளை ஒருமுறை தொகுப்பில் வெளியிடும் உரிமை மட்டும் போதும் என்றும், மற்றவற்றின் மீது உரிமை கோரவில்லை என்றும், அறிவிப்பைத் திருத்திவிடுவதாகவும் எழுதியிருந்தார்கள். எட்டு மாதத்தில் மட்டும் மாற்றமில்லை. அதனால் நெடுங்கதையை அவர்களிடம் அடைக்கப் போவதில்லை. அதை ஓர் இதழுக்குத் தொடராக அனுப்பிப் பார்க்கிறேன். போட்டிக்கு, நடுச் சகோதரியின் ஒரு நாளை மட்டும் 1,900 சொற்களில் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். கெடுவுக்கு இன்னும் பத்தொன்பது நாட்கள் இருக்கின்றன.

சலாபத்துறை அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில்: 112 பேரில் 31 பேருடைய எண்தான் என்னிடம் இருக்கிறது. நேற்றிரவு அவர்களுக்குச் செய்தி அனுப்பினேன். இதுவரை நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள், அதில் ஒருவர் மூக்கையூரில் வலை பின்னுபவர். மூன்றாவது கதையில் காற்றின் பெயரைத் தவறாக எழுதியிருக்கிறேன் என்று திருத்தியிருக்கிறார். அவர் சொல்வதே சரி.

முதல் பத்தியில் அவள் தண்ணீருக்குள் இருக்கிறாள், விரல் துணி அவிழ்ந்துவிட்டது, மரிக்கொழுந்து பாறையை விட மறுக்கிறது. அடிக்குறிப்பு போடவில்லை, ஐயா. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு அனுப்பினால் படித்துப் பார்ப்பீர்களா?